வெக்டரை எண்ணால் பெருக்கி எண்ணளவு கண்டால் விடை தப்பா? தப்பான விடையை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம்

ஒரு வெக்டரை (நீளமும் திசையும் உள்ளது) ஒரு திசையிலியால் (திசை இல்லாத வெறும் எண்) பெருக்கு, வருவதன் எண்ணளவை, அதாவது நீளத்தை, கண்டுபிடி. இவ்வளவுதான் கணக்கு, இரண்டு வரிக்கு மேல் போகாது. அந்த இரண்டு வரிக்குள் ஏழெட்டு விதமாகச் சறுக்கலாம் என்பது விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு தப்பும் விடையிலேயே தன் கைரேகையை விட்டுவிட்டுப் போகும், அதனால் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பதற்கு முன் தப்பான விடையையே கொஞ்சம் விசாரித்தால் போதும்.

எழுத்து விஷயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். வெக்டரை அ என்றும், பெருக்கும் எண்ணை க என்றும் வைத்துக்கொள்வோம். வகுப்பில் ஐ கேப், ஜே கேப் போட்டு எழுதுவதை இங்கே அடைப்புக்குறிக்குள் எண்களாக மட்டும் எழுதுகிறேன். 3 ஐ கேப் கழித்தல் 4 ஜே கேப் என்றால் (3, −4). இலங்கைப் பாடநூல் படித்தவர்களுக்கு வெக்டர் என்பது காவி, திசையிலி என்பது எண்ணி, எண்ணளவு என்பது பருமன். எனக்குக் காவி என்ற சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்பவன் என்றுதான் பொருள், காவுதல் என்றாலும் சுமத்தல்தான். சரி, கணக்குக்கு வருவோம்.

எதற்கும் முன்னால் ஒரு வகுத்தல்

அ = (3, −4), க = −6 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தூரம் வரை இதையே வைத்து ஓட்டலாம். அ-வின் எண்ணளவு √(9 + 16) = 5. பெருக்கினால் (−18, 24). அதன் எண்ணளவு √(324 + 576) = √900 = 30. அதாவது 6 × 5.

விதி: |க அ| = |க| × |அ|. இருபுறமும் நிற்கும் கோடுதான் மட்டுக்குறி, எண்ணுக்குப் போட்டால் மைனஸை விட்டுவிட்ட மதிப்பு, வெக்டருக்குப் போட்டால் எண்ணளவு. ஏன் என்று ஒரே வரியில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கூறும் (அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வொரு எண்ணும்) க மடங்காகிறது, வர்க்கம் எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் க² ஒட்டிக்கொள்கிறது, அது பொதுவாக இருப்பதால் வெளியே எடுக்கிறோம், வர்க்கமூலக் கதவைத் தாண்டி வரும்போது √(க²) ஆகிறது. √(க²) என்பது க இல்லை, |க|. சறுக்கல்களில் பாதி இந்தக் கதவருகேதான் நடக்கிறது.

இப்போது சோதனை. உங்களுக்கு வந்த விடையை மூல வெக்டரின் எண்ணளவால் வகுங்கள். |க| வர வேண்டும், இங்கே 6. வேறு ஏதாவது வந்தால், எது வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

விடை −30, அதாவது வகுத்தால் −6

இது எல்லோரும் செய்வது. க-வை மட்டுக்குறி போடாமல் அப்படியே வெளியே கொண்டுவந்து 5-உடன் பெருக்கியிருக்கிறீர்கள். எண்ணளவு என்பது நீளம், நீளம் மைனஸாக இருக்க முடியாது என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள், சொல்லிவிட்டு −30 என்று எழுதுவார்கள். அந்த மைனஸ் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் அதை விட மனம் வருவதில்லை. அது திசைக்குப் போய்விட்டது. (3, −4) வலது பக்கம் கீழ்நோக்கிப் போகிறது, (−18, 24) இடது பக்கம் மேல்நோக்கிப் போகிறது, நேர் எதிர்த்திசை. மைனஸ் தன் வேலையை அங்கே முடித்துவிட்டது, நீளத்தில் அதற்கு வேலை கிடையாது.

எண்ணுக்குப் பதில் எழுத்து வரும்போது இதே தப்பு மறைந்து வரும். லாம்டா மடங்கு (1, 2, 2) என்பதன் எண்ணளவைக் கேட்டால் 3 லாம்டா என்று எழுதுவார்கள். லாம்டா எதிர்ம எண்ணாக இருந்துவிட்டால்? 3|லாம்டா| என்றுதான் எழுத வேண்டும். லாம்டா மிகை எண் என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் மட்டும் மட்டுக்குறியை எடுத்துவிடலாம்.

விடை 180, வகுத்தால் 36

36 என்பது 6-இன் வர்க்கம். க இரண்டு தடவை உள்ளே புகுந்திருக்கிறது. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் இந்த ஒரே கைரேகைக்கு இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர், √(36 × 25) என்று சரியாக வந்து, 25-க்கு மட்டும் வர்க்கமூலம் எடுத்து 36-ஐ அப்படியே வெளியே விட்டவர். இன்னொருவர், முதலில் (−18, 24) என்று பெருக்கி, அதன் எண்ணளவு 30 என்று சரியாகவே கண்டுபிடித்து, அப்புறம் விதி நினைவுக்கு வந்து, அதையும் விடுவானேன் என்று இன்னொரு 6-ஆல் பெருக்கியவர். இருவருக்கும் விடை 180 தான், ஆனால் மருந்து வேறு.

உங்கள் தாளில் (−18, 24) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் இரண்டாமவர். பெருக்கிவிட்டு எண்ணளவு எடுப்பது ஒரு வழி, எண்ணளவு எடுத்துவிட்டு |க|-ஆல் பெருக்குவது இன்னொரு வழி. ஏதாவது ஒன்றில் போங்கள், இரண்டிலும் காலை வைக்காதீர்கள். அந்த வரி இல்லையென்றால் வர்க்கமூலத்தில்தான் தப்பு.

விடை 900 என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், கடைசியில் மூலம் எடுக்க மறந்துவிட்டீர்கள்.

விடை சின்னதாகி, ஒழுங்கில்லாத தசமத்தில் நிற்கிறது

18.44 என்றோ 24.19 என்றோ வந்திருந்தால், வகுத்தால் 3.69 அல்லது 4.84. ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் அசிங்கமான ஒரு எண். க எல்லாக் கூறுகளுக்கும் போய்ச் சேரவில்லை என்று பொருள். (−18, −4) என்று முதல் கூறை மட்டும் பெருக்கினால் √340, (3, 24) என்று இரண்டாவதை மட்டும் பெருக்கினால் √585. பந்தியில் ஒரு இலைக்குப் பரிமாறிவிட்டுப் பக்கத்து இலையைத் தாண்டிப் போவதைப் போன்றது இது. மூன்று கூறுள்ள வெக்டரில்தான் அதிகம் நடக்கும், அதுவும் அடைப்புக்குறி போடாமல் −6 × 3 ஐ கேப் − 4 ஜே கேப் என்று எழுதுகிறவர்களுக்கு. அடைப்புக்குறி போடுங்கள், பாதி வியாதி போய்விடும்.

15.87 வந்திருந்தால் காரணம் வேறு. √252. எங்கிருந்து 252? 576 − 324. அதாவது −18-இன் வர்க்கத்தை −324 என்று எடுத்திருக்கிறீர்கள். இது மோசமான தப்பு, ஏனென்றால் எந்த எச்சரிக்கையும் வராமல் மூலம் எடுக்க விட்டுவிடும். மூல வெக்டரிலேயே இதைச் செய்திருந்தால் 9 − 16 = −7 என்று வந்து அங்கேயே மாட்டியிருப்பீர்கள்.

விடை 6 வந்தால் கூறுகளை வர்க்கப்படுத்தாமல் நேராகக் கூட்டியிருக்கிறீர்கள் (−18 + 24). 42 வந்தாலும் அதே கதைதான், மைனஸை மட்டும் தட்டிவிட்டுக் கூட்டியது. 42-க்கு வேறு கணக்கில் மதிப்பு உண்டு, தெருத்தெருவாக மூலை திரும்பி நடந்தால் ஆகும் தூரம் அது. நமக்கு வேண்டியது காகம் பறக்கும் தூரம்.

கால்குலேட்டர் பிழை என்கிறது

மூலத்துக்குள் எதிர்ம எண் போய்விட்டது. இரண்டு வழியில் போகலாம். ஒன்று, க-வை வர்க்கப்படுத்தாமல் உள்ளே விட்டால் √(−6 × 25) ஆகிவிடும். க மிகை எண்ணாக இருந்திருந்தால் √150 = 12.25 என்று சத்தமில்லாமல் தப்பு விடை வந்திருக்கும், வகுத்தால் 2.45, அதாவது √6. இந்த ஒரு இடத்தில் மைனஸ் உங்களைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது, வர்க்கப்படுத்தினீர்கள், ஆனால் கருவி வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. சயின்டிபிக் கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் −4² என்று தட்டினால் −16 காட்டும். முதலில் 4-ஐ வர்க்கப்படுத்தி அப்புறம் மைனஸ் வைக்கிறது, கணித வழக்கப்படி அதுதான் சரியும்கூட. பைத்தான் நிரல்மொழியும் அப்படித்தான். ஆனால் எக்செல்லில் சமக்குறி போட்டு −4^2 என்று எழுதுங்கள், 16 வரும். அங்கே முன்னால் நிற்கும் மைனஸுக்கு முதல் மரியாதை. அதே எக்செல்லில் 0−4^2 என்றால் −16, ஏனென்றால் இப்போது அந்த மைனஸ் கழித்தல் குறி ஆகிவிட்டது. எக்செல்லில் சரியாக வந்ததே என்று அதே வரியைக் கால்குலேட்டரில் தட்டினால் இரண்டும் சண்டை போடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், (−4)² என்று அடைப்புக்குறி. அல்லது மைனஸைத் தட்டவே வேண்டாம், வர்க்கத்தில் அது காணாமல்தானே போகப்போகிறது.

இரண்டு வெக்டர் சேர்ந்து வந்தால் விடை உதைக்கிறது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், விதி தெரிந்தவர்கள்தான் இங்கே விழுகிறார்கள்.

அ = (3, 4), ஆ = (5, 12). எண்ணளவுகள் 5, 13. |2அ − 3ஆ| என்ன? விதியைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் 2 × 5 − 3 × 13 = −29 என்று ஒருவர் எழுதுவார். மட்டுக்குறி ஞாபகம் வந்த இன்னொருவர் 29 என்பார். மூன்றாமவர் எல்லாவற்றுக்கும் மட்டு போட்டு 10 + 39 = 49 என்பார். மூன்றும் தப்பு. விதி பெருக்கலுக்குத்தான், கூட்டல் கழித்தலைத் தாண்டி மட்டுக்குறி உள்ளே நுழையாது. இங்கே குறுக்கு வழி கிடையாது. 2அ = (6, 8), 3ஆ = (15, 36), கழித்தால் (−9, −28), எண்ணளவு √(81 + 784) = √865, ஏறத்தாழ 29.41.

29-க்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதே, அப்போது 29 என்று எழுதியவர் பரவாயில்லையா? அது இந்த இரண்டு வெக்டரும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் பார்ப்பதால் வந்த தற்செயல், ஒன்று 53 பாகை, மற்றது 67 பாகை. நேராக ஒரே திசையில் இருந்திருந்தால் சரியாக 29 வந்திருக்கும், நேர் எதிர்த்திசையில் இருந்திருந்தால் 49. வேறு எப்படி இருந்தாலும் விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதனால் தப்பாகப் போட்ட 29-உம் 49-உம் வீண் போகவில்லை, உங்கள் விடைக்கு இரண்டு பக்கமும் வேலியாக நிற்கும். 27 என்றோ 52 என்றோ வந்தால் யோசிக்காமல் திரும்பப் போடுங்கள்.

எண்ணளவைக் கொடுத்து வெக்டரைக் கேட்டால் மூன்று மடங்கு பெரிதாக வருகிறது

(2, −1, 2)-இன் எதிர்த்திசையில் எண்ணளவு 12 உள்ள வெக்டரைக் காண்க. இதற்கு −12-ஆல் பெருக்கி (−24, 12, −24) என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணளவு எடுத்துப் பாருங்கள், 36. கேட்டது 12. வகுத்தால் 3. இந்த 3 எங்கிருந்து வந்தது? மூல வெக்டரின் எண்ணளவுதான் 3. அலகு வெக்டராக்காமல் (நீளத்தை 1 ஆக்காமல்) நேராகப் பெருக்கிவிட்டீர்கள், அதன் சொந்த நீளமும் சேர்ந்து வந்துவிட்டது. முதலில் 3-ஆல் வகுத்து அலகு வெக்டராக்கி, அப்புறம் −12. அதாவது மொத்தத்தில் −4. விடை (−8, 4, −8), எண்ணளவு √(64 + 16 + 64) = 12.

க கேட்டார்கள், 3 என்று எழுதினேன், பாதி மார்க்தான்

|அ| = 5, |க அ| = 15 என்றால் |க| = 3. அப்படியானால் க என்பது 3 அல்லது −3. நீளத்தை மட்டும் பார்த்து வெக்டர் முன்னால் போனதா பின்னால் போனதா என்று சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் எழுத வேண்டும். எதிர்த்திசை என்றோ அதே திசை என்றோ கேள்வியில் ஒரு சொல் இருந்தால் ஒன்றை வெட்டிவிடலாம். அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

எண் சரி, ஆனால் இயற்பியலில் மார்க் போச்சு

பதினோராம் வகுப்பில் கணக்கு வாத்தியார் வெக்டருக்கு வருவதற்குள் இயற்பியல் வாத்தியார் அதை வைத்துப் பாதித் தூரம் ஓடியிருப்பார். அங்கே பெருக்கும் எண் வெறும் எண்ணாக வராது, அலகோடு வரும். மின்புலம் (300, 400), அலகு நியூட்டன்/கூலூம், எண்ணளவு 500. அதில் ஒரு எலக்ட்ரான், மின்னூட்டம் −1.6 × 10⁻¹⁹ கூலூம். விசையின் எண்ணளவு 1.6 × 10⁻¹⁹ × 500 = 8 × 10⁻¹⁷ நியூட்டன். மைனஸ் இங்கேயும் திசைக்குத்தான் போகிறது, எலக்ட்ரான் புலத்துக்கு எதிராக ஓடும். அலகு மாறிவிட்டதைக் கவனியுங்கள். போட்டது நியூட்டன்/கூலூம், வந்தது நியூட்டன். விசை புலத்தைவிடச் சிறிதாகிவிட்டது என்று சொல்வதில் பொருளே இல்லை, இரண்டும் வேறு வேறு சரக்கு. ஒரே தாளில் இரண்டு அம்புக்குறி வரைந்து நீளத்தை ஒப்பிட்டுக் குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விடை சரிதான், வேலைதான் மலையளவு

இதுவும் ஒரு கோளாறுதான். (36, −48) கொடுத்தால் 1296 + 2304 என்று ஆரம்பிக்காதீர்கள். 12 வெளியே வரும், உள்ளே (3, −4), விடை 60. முடிந்தது. பின்னங்களில் இன்னும் சுகம். (2/7, 3/7, 6/7) என்றால் 1/7-ஐ வெளியே எடுங்கள், உள்ளே 4 + 9 + 36 = 49, மூலம் 7, விடை 1. கேள்வி தயாரிப்பவர்களுக்குச் சில மூன்றெண் கூட்டணிகள் மேல் தனிப் பிரியம் உண்டு. 1, 2, 2 என்றால் 3. 2, 3, 6 என்றால் 7. 1, 4, 8 என்றாலும் 4, 4, 7 என்றாலும் 9. 2, 6, 9 என்றால் 11. பொதுக்காரணியை வெளியே எடுத்ததும் இவற்றில் ஒன்று எட்டிப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நிரலில் முடிவிலி வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை

கணினியிலும் இதே விதிதான், ஆனால் அங்கே எண்களுக்குக் கூரை உண்டு. கூறுகள் 3 × 10²⁰⁰, 4 × 10²⁰⁰ என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 5 × 10²⁰⁰, அதை இரட்டைத் துல்லிய எண்ணில் (கணினி தசம எண்களை வழக்கமாக வைக்கும் 64 பிட் வடிவம்) தாராளமாக வைக்கலாம், ஏனென்றால் அதன் எல்லை ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸. ஆனால் வழியில் வர்க்கம் எடுக்கும்போது 10⁴⁰⁰ ஆகி முடிவிலி என்று சொல்லிவிடும். சேர வேண்டிய ஊருக்கு வழி இருக்கிறது, நடுவில் உள்ள பாலம்தான் தாங்கவில்லை. மருந்து, மேலே பார்த்த அதே பொதுக்காரணி. பெரிய கூறை வெளியே எடுத்துவிட்டு மிச்சத்துக்கு எண்ணளவு எடுத்துக் கடைசியில் பெருக்கினால் போதும். பைத்தானில் இதற்காகவே ஹைப்பாட் என்ற சார்பு இருக்கிறது, 3.8 பதிப்பிலிருந்து எத்தனை கூறு வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளும். மைனஸும் வரக்கூடிய 32 பிட் முழு எண்ணில் இந்தக் கூரை இன்னும் தாழ்வு. 46340-இன் வர்க்கம் வரை உள்ளே அடங்கும், 46341-இன் வர்க்கம் எல்லையைத் தாண்டிவிடும், பல மொழிகளில் அது மைனஸாகச் சுருண்டு மூலத்துக்குள் போய் விழும்.

கேம் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. பாத்திரம் நேராகப் போகும்போது சரியான வேகம், குறுக்காகப் போனால் மட்டும் வேகமாக ஓடுகிறது. வலது, மேல் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திசை (1, 1), அதன் எண்ணளவு 1 இல்லை, √2. வேகம் 5-ஆல் பெருக்கினால் 7.07. திசையை அலகு வெக்டராக்கிவிட்டு அப்புறம் 5-ஆல் பெருக்குங்கள், எல்லாப் பக்கமும் 5 தான்.

இதைச் சரிசெய்த அன்றைக்கே அடுத்த புகார் வரும், பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் பாத்திரம் திரையிலிருந்தே மறைந்துவிடுகிறது என்று. எந்தப் பொத்தானும் அழுத்தாதபோது திசை (0, 0), எண்ணளவு 0, அதை அலகாக்கப் போனால் 0-ஐ 0-ஆல் வகுக்க வேண்டும். சில மொழிகள் அங்கேயே பிழை காட்டி நிற்கும், சில மொழிகள் எண்ணே இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், அது பாத்திரத்தின் இடத்தோடு கூட்டப்பட்டதும் அந்த இடமும் கெட்டுவிடும். வகுப்பதற்கு முன் எண்ணளவு பூச்சியமா என்று ஒரு வரி கேளுங்கள், பூச்சியமென்றால் வெக்டரை அப்படியே விட்டுவிடுங்கள். பூச்சிய வெக்டரை எந்த எண்ணால் பெருக்கினாலும் நீளம் பூச்சியம்தான், அதை 5 ஆக்கும் க கிடையாது.